அம்மை குத்துகாரரும் பட்டாளமும்

அம்மை குத்த வருகிறவரை யாருக்குத்தான் பிடிக்கும்? ஞானதாசன் தலை தெரிந்தால் கல்குளம் தாலுகாவில் பாதி ஊர் முந்திரிக்காட்டுக்குள் ஓடிப்போகும். அவர் மேல் யாருக்கும் ஒரு கோபமும் இல்லை. குத்தினால் கை வீங்கும், காய்ச்சல் அடிக்கும், ஒரு வாரம் மண்வெட்டி பிடிக்க முடியாது. கூலி வேலை செய்கிறவன் ஓடாமல் என்ன செய்வான்?

ஞானதாசனுக்கு அது புரியும். ஆனால் எட்டு வயதில் அம்மை வந்து அவர் முகமெல்லாம் குழி விழுந்தது. அதே வாரத்தில் இரண்டு தங்கச்சிமாரும் போய்விட்டார்கள். பெரியவனானதும் வேறு எந்த வேலைக்கும் மனுப் போடவில்லை. காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, தகரப் பெட்டிக்குள் அம்மைப்பால் என்கிற தடுப்பு மருந்துக் குழாய்களை ஈரத்துணியில் சுற்றி வைத்து, பன்னிரண்டு வருஷமாக மேடும் பள்ளமுமாக நடந்துகொண்டிருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் ஓர் ஊரில் அவர் மேல் இரண்டு நாய்களை அவிழ்த்துவிட்டார்கள். தொடைச் சதை பிய்ந்து நெய்யூர் ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்தார். வீட்டுக்கு வந்தால் மனைவி ராஜபாய் கையில் ஒரு நாய்க்குட்டியோடு நிற்கிறாள்.

"இனி ஒத்தையில போனீங்கன்னா நான் கஞ்சி வைக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க."

கறுப்பும் வெள்ளையுமாக அந்தக் குட்டி ஒன்றே ஒன்றுதான். போட்ட சத்தமோ ஒரு பட்டாளம் வந்தது போல. அதுவே பேராகிவிட்டது.

முற்றத்தில் பட்டாளம் தங்கம். இரு என்றால் இருக்கும், வா என்றால் வரும். ஊர் எல்லை தாண்டட்டும், காது இரண்டையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தது மாதிரி ஆகிவிடும்! ஓணான், காக்கா, ஆட்டுப்புழுக்கை, எதைக் கண்டாலும் அதுதான் லோகம். முன்னால் ஒரே ஓட்டம். அவர் மூச்சிரைக்க மேடு ஏறுவதற்குள் அது ஊருக்குள் புகுந்து நாலு கோழியை விரட்டியிருக்கும். பிள்ளைகள் கண்டுகொள்வார்கள்.

"ஏலே, பட்டாளம் வருது! குத்துகாரரு வாறாரு!"

அவர் போய்ச் சேரும்போது அடுப்பில் உலை கொதிக்கும், ஆள் இருக்காது.

வீட்டில் விட்டுப் போகக் கூடாதா என்று கேட்பீர்கள். விட்டுப் பார்த்தார். வேலிக்கு அடியில் தோண்டி வந்து, குறுக்குவழியில் அவருக்கு முந்தியே போய்விட்டது. ஊருக்கு வெளியே மரத்தில் கட்டிப் பார்த்தார். அது வைத்த ஒப்பாரியில் பக்கத்து ஊரும் சேர்ந்து காலியானது. பேச்சிப்பாறைக்கு மேலே பனிச்சங்கோணம் என்று நாற்பது சொச்சம் பேர் இருக்கும் சின்னக் குடியிருப்பு. அங்கே ஆடியில் ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை போனார். இரண்டு தடவையும் வெறும் ஊரைத்தான் பார்த்துவிட்டு வந்தார்.

"நூறு தடவ வா வான்னு விளிக்கீங்க, தொண்ணூறு தடவ அது வரல்ல," என்றாள் ராஜபாய். "பின்ன அதுக்கு அந்தச் சொல்லு காத்தடிக்கியது மாதிரிதான். அத விட்டுப் போடுங்க."

சொன்னது சரி. வாய் திறப்பதை விட்டார். பெட்டியின் மூடியில் இரண்டு தட்டு, 'டக் டக்'. அதுதான் இனி அழைப்பு. சும்மா தட்டுவதில்லை, வரும் என்று நிச்சயமான நேரத்தில் மட்டும்தான். நாயின் கழுத்தில் இருபது முழம் கயிறு, தரையில் இழுபட்டுக்கொண்டே வரும். ஓட நினைத்தால் கயிற்றை மிதித்துக்கொள்வார். ஏசுவதில்லை, இழுப்பதில்லை, சும்மா நிற்பார். என்ன ஆயிற்று என்று அது திரும்பிப் பார்க்கும். பார்த்த மாத்திரத்தில் ஒரு துண்டு நெத்திலிக் கருவாடு. காக்கிச் சட்டைப் பையில் கருவாடு! ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அவர் பக்கத்துப் பாயில் ஒருத்தரும் உட்காரவில்லை.

முற்றத்தில் படித்தது முற்றத்தோடு போகும் என்று கண்டுகொண்டவர், தினம் ஒரு புது இடத்துக்குக் கூட்டிப்போனார். இன்று குளத்தங்கரை, நாளை வாழைத்தோட்டம், மறுநாள் வண்டிப்பாதை. வடசேரிச் சந்தைக்கு முதல் வாரம் இரண்டு பர்லாங் தள்ளியே நின்றார். அடுத்த வாரம் கொஞ்சம் கிட்டே. ஏழாவது வாரம் மீன்கூடைகளுக்கு நடுவில் பட்டாளம் எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தது, எழுந்திருக்கவில்லை! வாரம் ஒரு முழமாக, பிறகு இரண்டு முழமாகக் கயிற்றை அறுத்துக்கொண்டே வந்தார். மார்கழியில் கழுத்தில் ஒரு சாண் மட்டும் தொங்கியது. அதையும் அவிழ்த்துப் போட்டார். கயிறு போனதே அதற்குத் தெரியவில்லை.

தையில் சேதி வந்தது. பனிச்சங்கோணத்துக்கு ஆற்றின் எதிர்க்கரையில் அம்மை வந்துவிட்டது. ஒரு பிள்ளை செத்துப்போயிற்று. அது ஆற்றைத் தாண்ட எத்தனை நாள் ஆகும்? ஞானதாசன் விடியுமுன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அம்மைப்பாலும் வெயிலில் நாலு நாள் தாங்காது. இந்தத் தடவையும் ஆட்கள் ஓடிவிட்டால் அவ்வளவுதான்.

ஊர் எல்லையில் ஒரு பலா மரம். பட்டாளத்தை அங்கே இருக்கச் சொல்லிவிட்டு ஓசைப்படாமல் உள்ளே நடந்தார். ஒரு கூக்குரலும் இல்லை. ஆட்கள் அவரவர் வேலையில் இருந்தார்கள். அடடா, மனுஷருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை! பெட்டியைத் திறக்கப் போகிற நேரத்தில் பின்னால் ஒரு சத்தம்.

பூங்கனி நின்றாள். ஒவ்வொரு தடவையும் முதலில் ஓடுகிறவள் அவள்தான். இடுப்பில் நாலு வயசு மகள் அன்னக்கிளி.

"எல்லாவரும் இஞ்ச வந்து பாருங்கோ! மரத்து மூட்டில அந்த நாயி இருக்கு. மூக்குக்கு நேரே கோழி போவுது, அனங்கல்ல, ஒரு அசைவுமில்ல! ஓய், அதுக்கும் குத்தினீரா?"

"குத்தவா? நாய்க்கா? ஏ, நான் படிப்பிச்சேன்."

"பின்ன, படிப்பிச்சாராம்! ஊரைக் கலக்கின நாயி இப்ப மந்திச்சுப் போயி இருக்கு. எனக்க பிள்ளையும் இப்பிடி ஆவணுமா?"

தீர்ந்தது கதை. நாலு மாசப் பாடு, பை நிறையக் கருவாடு, எல்லாம் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்ல வந்துவிட்டது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் திரும்பினார்கள். ஞானதாசனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஒரே வழிதான் தோன்றியது. மரத்தைப் பார்த்துக் கையை வீசினார்.

"போலே பட்டாளம், போ!"

பட்டாளத்துக்கு நம்ப முடியவில்லை. ஒரு நொடி அவரைப் பார்த்தது. பிறகு கிளம்பியது பாருங்கள்! கோழிகள் கூரையேறின. ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பூங்கனியின் கஞ்சிப் பானை உருண்டது. காய்ந்துகொண்டிருந்த கிழங்குத் துண்டுகள் நாலு திசைக்கும் பறந்தன. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மந்தமில்லை என்பது தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு கோழி செத்தால் போதும், அவர் பேச்சை எவன் கேட்பான்? புது இடம், கழுத்தில் கயிறில்லை, எதிரே ஒரு சேவல் வேறு. ஞானதாசன் கண்ணை மூடிக்கொண்டார். மூடியில் தட்டினார்.

டக் டக்.

பட்டாளம் சேவலை ஒரு சாண் தூரத்தில் விட்டுவிட்டுத் திரும்பியது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து, அவர் காலடியில் உட்கார்ந்து, நாக்கைத் தொங்கப்போட்டு அவர் முகத்தையே பார்த்தது.

பூங்கனி மகளை இறக்கிவிட்டாள். "எனக்குக் குத்தும் ஆதியம், அவளுக்குப் பெறவு. நான் மந்திச்சுப் போனா எனக்க பிள்ளையத் தொடப்பிடாது."

குத்தினார். ஊரே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. குத்தின கையையே பார்த்துக்கொண்டிருந்தவளின் கண்ணில் உருண்டு கிடந்த கஞ்சிப் பானை பட்டது. அவ்வளவுதான். நாயை, நாயை வளர்த்தவரை, அவருக்குக் காக்கிச் சட்டை கொடுத்த சர்க்காரை என்று கால்மணி நேரம் நிறுத்தாமல் ஏசினாள்.

அவள் புருஷன் தங்கையன் சட்டையில்லாத தோளைக் காட்டினான். "அவளுக்கு ஒரு கொறையும் வரல்ல. எனக்கும் குத்தும்."

மத்தியானத்துக்குள் நாற்பத்தொரு கை. அன்னக்கிளி அழவே இல்லை, பட்டாளத்தின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எதிர்க்கரையில் பிறகும் இரண்டு பேர் செத்தார்கள். பனிச்சங்கோணத்தில் ஒரு உடம்பிலும் ஒரு முத்துப் போடவில்லை. மாசியில் குத்தின தழும்பு பார்க்கப் போனபோது மேட்டிலிருந்தே பிள்ளைகளின் குரல் கேட்டது.

"ஏலே, பட்டாளம் வருது!"

பழகின பழக்கம், ஞானதாசனுக்குத் திக்கென்றது. ஆனால் காலடிச் சத்தம் காட்டுப் பக்கம் போகவில்லை, இறக்கத்தில் அவரைப் பார்த்து வந்தது. முன்னால் அன்னக்கிளி. சின்னத் தங்கச்சிக்கும் போகும்போது இதே வயசுதான். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவள் கையை விரித்தாள். உள்ளே ஒரு நெத்திலிக் கருவாடு. "மாமா, இதுக்குக் குடுக்கட்டா?"

பட்டாளம் கருவாட்டைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தது.

"தின்னு மக்கா," என்றார்.