ஆடு தின்ற அரிசி

எங்கள் அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் பேசிக்கொள்வதில்லை. எங்கள் வீட்டுக் குளியல் தண்ணீர் அவர்கள் வாசல் வழியாக ஓடியதில் தொடங்கிய சண்டை அது. போதகர் அயலாரை நேசிக்கச் சொல்லிப் பிரசங்கம் செய்யும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு திரும்புவாள். அவருக்கென்ன, அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது சர்ச்சும் வேப்பமரமும்தானே என்பாள்.

ஆனால் அந்தச் சண்டையில் எங்கள் ஆட்டை இருவருமே சேர்க்கவில்லை. அத்தை தினமும் அரிசி களைந்த கழனித்தண்ணீரைக் குட்டைச்சுவருக்கு மேலே கையை நீட்டி எங்கள் ஆட்டுத்தொட்டியில் ஊற்றுவாள். அம்மா அங்கே நின்றால் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஊற்றுவாள்.

அந்த வருஷம் அத்தையின் வீட்டுக்காரர், எனக்கு மாமா முறை, வேலை பார்த்த நூல்மில்லை மூடிவிட்டார்கள். அவர் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் வேலை தேடிப் போய், இருட்டிய பிறகு வருவார். எங்கள் அப்பா ஆலங்குளத்துக்கு வேலைக்குப் போய்வந்ததால் எங்களுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த சமயம். ஒருநாள் ஆடு தொட்டியில் வாயை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அம்மா தொட்டிக்குள் கையை விட்டு அளைந்து பார்த்தாள். வெறும் பச்சைத்தண்ணீர். மறுநாளும் அப்படித்தான். அத்தை வீட்டு அடுப்பிலிருந்து புகை மட்டும் வேளை தவறாமல் வந்தது. அன்று மத்தியானம் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாகத் தகர டப்பாவில் போடுவாள் அம்மா. அது சர்ச்சுக்குப் படைக்கிற பிடி அரிசி. பசித்தாலும் அதில் கை வைக்கக் கூடாது என்பது எனக்குக் கண்டிப்பான உத்தரவு. அந்த டப்பாவை அப்படியே ஒரு சுளகில் கவிழ்த்துக்கொண்டு அம்மா சுவரோரம் போய் நின்றாள். மாதக்கணக்கில் கூப்பிடாத முறையைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"மதினி, எங்க ஆடு அத்துக்கிட்டு வந்து, நீங்க காயப்போட்ட அரிசியத் தின்னுட்டுது. இத வாங்கிக்கிடுங்க. இல்லன்னா எனக்குத்தான் பாவம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டைக் கொய்யாமரத்தில் கட்டியவள் நான். காலையிலிருந்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவளும் நான். அத்தை வீட்டு முற்றத்தில் அரிசியும் இல்லை, ஒரு சாக்குக்கூட விரித்திருக்கவில்லை.

அத்தை அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு சுளகை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அம்மா என் பக்கம் திரும்பி, ஆட்டை ஒழுங்காகக் கட்டத் தெரியவில்லை என்று தெருவுக்கே கேட்கும்படி என்னை ஏசினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பொய்ச்சாட்சி எவ்வளவு பெரிய பாவம் என்று ஞாயிறு பள்ளியில் படித்தவள் நான். அம்மா பொய் சொல்லிவிட்டாள், ஆண்டவரின் அரிசியையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள், பழியைப் பாவப்பட்ட ஆட்டின் மேலும் என் மேலும் போட்டுவிட்டாள். அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து நான் அத்தை வீட்டுக்கு ஓடினேன்.

அத்தை அடுப்படியில் இருந்தாள். உலையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அவளுடைய பிள்ளைகள் இரண்டும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பானையையே பார்த்துக்கொண்டிருந்தன. ஆடு கட்டித்தான் கிடந்தது, அது எதையும் தின்னவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அத்தை கரண்டியை வைத்துவிட்டு என் தலையைத் தடவினாள்.

"இல்லட்டி, தின்னுச்சு. நானே பாத்தேன்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. எதிலுமே ஒத்துப்போகாத இந்த இரண்டு பேரும் நடக்காத ஒன்றில் மட்டும் எப்படி ஒத்துப்போகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆடு தின்ற அரிசியை நினைத்துத்தான் அத்தை அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பார்க்கப் பாவமாக இருந்தது.

"அழாதீங்கத்தே, அதான் அம்மா திருப்பிக் குடுத்துட்டாங்கள்ல" என்று தேற்றிவிட்டு வந்தேன்.