மேடையேறாத டிரம்பெட்

எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் பாங்கோ வாசித்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். பகலில் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவேன். கச்சேரி நாளென்றால் காலையிலிருந்தே பயம்தான். மழை வருமோ, மைக்கில் ஷாக் அடிக்குமோ, பாங்கோ தோல் பாதியில் கிழியுமோ. "நீ பயப்படறதுக்குன்னே மேடையில ஒரு நாற்காலி போடணும்டா" என்பார் வாத்தியார். ஆர்மோனியம் வாசித்துக் குழுவை நடத்தியவர் அவர்தான்.

திருவண்ணாமலை வட்டாரத்தில் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. டிரம்பெட் மட்டும் எங்களிடம்தான் இருந்தது. வாசித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். தியானம் பழக வந்து, ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். பாட்டுகளை டீக்கடை ரேடியோவில் கேட்டே பிடித்துக்கொள்வார். தமிழையும் அதே டீக்கடையில்தான் பிடித்தார். நாங்கள் அவரைத் தொரை என்போம். அவர் என்னைப் பார்த்ததும், "இன்னா நைனா, இன்னிக்கு இன்னா பயம்?" என்பார். அவர் வந்த பிறகு வேலூர் வரைக்கும் எங்களைக் கூப்பிட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில் பேச்சு மாறியது. அந்நியக் கை, அந்நியச் சதி என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கினார்கள். டீக்கடையில் தொரைக்கு நகர்ந்து இடம் கொடுத்தவர்களே, அவருடைய கறுப்புப் பெட்டிக்குள் வயர்லெஸ் இருக்கிறதாம் என்று காதைக் கடித்தார்கள். பெட்டிக்குள் இருப்பது டிரம்பெட்தான் என்று எனக்குத் தெரியும். என் பயம் வேறு. இந்த மனிதரை எங்களிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்பதுதான்.

அந்த வருஷம் ஆகஸ்ட் பதினைந்து மாலைக் கச்சேரி எங்களுக்குக் கிடைத்தது. விழாக் கமிட்டித் தலைவர் அரிசி மண்டி வைத்திருந்தவர். முதல் பாட்டாக ஒரு சினிமாப் பாட்டைக் கேட்டார். படைவீரர்கள் நடைபோடும் தேசபக்திப் பாட்டு. ஒவ்வொரு சரணத்துக்கு முன்னாலும் டிரம்பெட் தனியாக எழும்பும். ஊருக்கே அது மனப்பாடம். கேட்ட கையோடு இன்னொன்றும் சொன்னார்.

"அந்தத் தொரை மேடையேறக் கூடாதுங்க. வெள்ளக்காரன வெரட்டின நாள்ல ஒரு வெள்ளக்காரன மேடையேத்தினா, ஜனங்க இன்னா பேசுவாங்க?"

"பாட்டே அவர் பீப்பியிலதானே நிக்குது" என்றார் வாத்தியார்.

"அத நீங்க பாத்துக்கோங்க. மேடையில அவர் இருக்கக் கூடாது, அவ்ளோதான்."

டிரம்பெட் இடத்தை ஆர்மோனியத்தில் வாசித்து நிரப்பிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். வாத்தியார் ஒப்பவில்லை. "அவர் எடத்துல யாரும் வாசிக்க வேணாம். காலியாவே போவட்டும். நீ மட்டும் தாளத்த உட்றாத."

அவ்வளவு கூட்டத்தின் முன்னால் என் இரண்டு கை மட்டும். எனக்கு ஜுரமே வந்துவிட்டது. சேதியை வாத்தியாரே தொரையிடம் போய்ச் சொன்னார். நானும் கூட நின்றேன். தொரை கோபப்படவில்லை. "மேடையில இருக்கக் கூடாது. அவ்ளோதானே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு புரியாததால் என் ஜுரம் ஜாஸ்தியானது.

கச்சேரி அன்று பல்லவி முடிந்தது. எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள். பாங்கோ மட்டும் ஓடியது. பாடகி என்னையே பார்த்தாள். பாட்டை மறந்துவிட்டோம் என்று கூட்டம் கல்லெறியப்போகிறது என்றே நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து ஒருவன் அந்த டிரம்பெட் மெட்டை விசிலடித்தான். இன்னொருவன் சேர்ந்தான். பக்கத்தில் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட விசிலடித்தார்கள். "தொரை எங்கடா?" என்று ஒரு குரல் கேட்டது.

இரண்டாம் சரணத்துக்கு முன் மறுபடி கையை எடுத்தார்கள். இந்த முறை டிரம்பெட்டே எழும்பியது. பொரிக்கடலை வண்டி பக்கத்தில், சேற்றில் வெறுங்காலோடு நின்று, மலையைப் பார்த்து ஊதினார் தொரை. என் தாளத்துக்கு ஒரு மயிரிழை பிசகவில்லை. கூட்டம் அவரைச் சுற்றி வட்டம் விட்டது. தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அவர் தரையிலதானே நிக்கறாரு, தலைவரே" என்றார் பக்கத்திலிருந்தவர்.

தலைவர் உட்கார்ந்துவிட்டார். முடிவில் நன்றி சொல்லும்போது, "மேடையிலயும் கீழயும் வாசிச்ச நம்ம கலைஞர்களுக்கு" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

அடுத்த பொங்கலுக்குள் தொரை தன் நாட்டுக்கே திரும்பிப் போகவேண்டியதாயிற்று. தங்குவதற்கான அனுமதியை நீட்டிக்கவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் அந்தக் கறுப்புப் பெட்டியைக் கடைசிவரை நான்தான் தூக்கிக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு வேலூரில் எங்களைக் கேட்பது கம்மியானது. வேறு டிரம்பெட்காரரைச் சேர்க்கச் சொல்லிச் சிலர் யோசனை சொன்னார்கள். வாத்தியார் காதில் வாங்கவில்லை.

எண்பதுகளில் குழு கலையும் வரைக்கும் அந்தப் பாட்டை வாசித்தோம். அந்த இடம் வந்ததும் எல்லாரும் கையை எடுத்துவிடுவார்கள். ஊர் விசிலடிக்கும். ஒவ்வொரு முறையும் எனக்குப் பயமாகத்தான் இருக்கும். தாளம் மட்டும் ஒரு தடவைகூட நின்றதில்லை.