மோதிரத்தில் போடாத பவளம்

மின்சாரத்தை நிறுத்துமுன் நுகர்வோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. கொல்லங்கோட்டில் விதிக்குக் குறைவில்லை, தெரிவிப்பவர்தான் இல்லை.

சித்திரை வெயிலில் காலையிலேயே மின்சாரம் போனது. உயிருள்ள பவளங்களை வளர்க்கும் என் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் மோட்டார் நின்றது. நீரோட்டம் இல்லாமல் தண்ணீர் சூடேறினால் பவளங்கள் செத்துவிடும். அப்போதே சுருங்கத் தொடங்கியிருந்தன. மின் அலுவலகத்தை அழைத்தேன்.

“பவளத்துக்கு எதுக்குங்க சாரே கரண்டு? மோதிரத்துல போடுங்க” என்று சிரித்தார் ஊழியர்.

“உங்க பேரைச் சொல்லுங்க, புகார்ல போடறேன்” என்றேன். போனை வைத்துவிட்டார்.

மனைவி ஐஸ் கட்டிகளோடு ஓடிவந்தாள். “உள்ள போட்டுறட்டுங்களா?”

“வேண்டாம், உருகுனா உப்பு குறைஞ்சிரும். ஃப்ரீசர்ல உறைஞ்ச தண்ணி பாட்டிலை மூடியோட மிதக்க விடு.”

மாலைவரை இருவரும் மாறிமாறித் தொட்டி நீரையே செம்பால் மொண்டு ஊற்றி ஓட்டம் கொடுத்தோம். “பேரனுக்குக்கூட நான் இப்படித் தண்ணி வாத்ததில்லீங்க” என்றாள். மின்சாரம் வந்தபின் பவளங்கள் மெல்ல விரிந்தன. ஒன்று மட்டும் விரியவே இல்லை.

அன்றே புகார் அனுப்பினேன். அதன்பின் பேட்டரி மோட்டாரும் உறைந்த பாட்டில்களும் எப்போதும் தயார். நினைவூட்டல் கடிதமும் மாதந்தோறும் போனது.

“அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது” என்று பதில் வந்தது, ஓணத்துக்கு மறுநாள். அன்றும் சொல்லாமல்தான் மின்சாரம் போயிருந்தது. பவளங்கள் விரிந்தே இருந்தன.