கை எட்டும் உயரம்

என் வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் மூலைமட்டம், மூலை நேராக இருக்கிறதா என்று தச்சர்கள் வைத்துப் பார்க்கும் கருவி. வீடுகளில் சுவரோடு சேர்த்து அலமாரி செய்வதுதான் அவர் தொழில். பாலிஷ் என் வேலை. ஒரு கதவு நூலளவு சாய்ந்திருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. மனுஷர்கள் எவ்வளவு கோணலாக நடந்துகொண்டாலும் வாய் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்துக் கோபப்பட நான் இருக்கிறேன்.

கொழுந்தனார் புது வீடு கட்டினார். "அம்மாவுக்குன்னு தனியா ஒரு ரூம்" என்று அவர் சொன்னதிலிருந்து மாமியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்களோடு இருந்துகொண்டு, என் கையால் சாப்பிட்டுக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் "சின்னவன் கூட்டிட்டுப் போறான்" என்று தம்பட்டம் அடித்தார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த அறைக்கு அலமாரி செய்ய இவர் முதலில் அளந்தது சுவரை அல்ல. அம்மாவைச் சுவரோரம் நிறுத்தி, "கையத் தூக்கும்மா" என்றார். வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. எழும்பிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். மேல் தட்டு அதற்குக் கீழே. குனிந்தால் முட்டி வலிக்கும் என்று கடைசி இழுப்பறை முழங்காலுக்கு மேலே. புது வீட்டுச் சுவரோ நடுவில் தொப்பை தள்ளியிருந்தது. பலகையின் ஓரத்தை அந்தத் தொப்பைக்கு ஏற்ப இழைத்து இழைத்து, ஒரு தாள்கூட நுழையாதபடி பொருத்தினார்.

நான் உப்புத்தாளால் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கொழுந்தனார் வந்தார்.

"என்னண்ணா, இவ்ளோ குள்ளமா இருக்கு? சீலிங் வரைக்கும் ஏத்திடு. சூட்கேஸெல்லாம் மேல வைக்கணும்."

"அம்மாவுக்கு எட்டாதேடா."

கொழுந்தனார் செல்போனைப் பார்த்தார். அதில் ஒன்றும் வரவில்லை. வாசற்படியில் நின்ற ஓரகத்திதான் பதில் சொன்னாள். "இது ஆபீஸ் ரூம் மாமா. அத்தைக்கு ஹால்ல சோபா இருக்கு. எப்பவாச்சும் வந்துட்டுப் போறவங்கதானே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரூம் ரூம்னு அந்த மனுஷிக்கு ஆசை காட்டிட்டு, இப்ப சோபாவா? நாக்கு கூசல?"

"அண்ணி, நீங்க சும்மா இருங்க" என்றான். ஆமாம், என்றான்தான். அதற்குமேல் அவனுக்கு என்ன மரியாதை? வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிட்டேன்.

இவரோ ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கதவு, தட்டு, பக்கப் பலகை என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"அண்ணா, என்ன பண்றே?"

"உயரமா வேணும்னா வேற ஆளைப் பாரு. இது அம்மாவுக்கு எடுத்த அளவு."

எங்கள் வீட்டில் கொண்டுவந்து நிறுத்தினோம். எங்கள் சுவர் நேர், பலகை வளைவு. நடுவில் விரல் நுழையும் இடுக்கு. அதைப் பார்க்கும்போதெல்லாம் இவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் அடைக்கவில்லை. மாமியார் விடவில்லை.

நடந்ததைச் சொன்னோம், காதிலேயே வாங்கவில்லை. புடவைகளைப் பையை விட்டு எடுக்கவும் இல்லை. "சின்னவன் கோவம் தணிஞ்சு கூப்பிடுவான். அங்க மாட்டினப்புறம் அடுக்கிக்கிறேன்" என்று வெறும் தட்டைத் தினமும் துடைத்தார். கூப்பிட வேண்டியவன் ஒரு போன்கூடப் பண்ணவில்லை. அவனை நினைத்தாலும் ஆத்திரம், அவனுக்காகத் துடைக்கிற அந்தக் கையைப் பார்த்தாலும் ஆத்திரம்.

ஒருநாள் ஓரகத்தி போட்டோ அனுப்பினாள். அதே அறையில், சீலிங்கை முட்டும் புது அலமாரி. "அம்மாட்ட காட்டாத" என்றார் இவர். காட்டினேன். இன்னும் எத்தனை நாளைக்கு ஏமாற வேண்டும்?

மாமியார் வெகுநேரம் பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கிப் பார்த்தார். தோள்வரைதான் வந்தது.

"அந்த இடுக்க அடைச்சிடுடா" என்றார்.

இவர் ஒரு பட்டையை வளைவுக்கு இழைத்து, இடுக்கில் வைத்து ஆணி அடித்தார். கடைசி ஆணி இறங்கும்வரை மாமியார் அங்கேயே நின்றார். "அந்தப் பையக் கொண்டாம்மா" என்று என்னிடம் சொன்னார். முதல் புடவையை மேல் தட்டில் அவரே வைத்தார். கை கச்சிதமாக எட்டியது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.