மெசேஜ் வராத வெள்ளிக்கிழமை

இதை எழுதச் சில ஆண்டுகளாகவே தயங்கினேன். எழுதினால் என் கணவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுவது தடைபட்டுவிடுமோ என்ற பயம்தான்.

எங்கள் வீடு பாலக்கோட்டுக்குப் பக்கத்தில். அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் அவர் ஒப்பந்த ஊழியராக இருந்தார். மழை அளவு பார்ப்பதும், செவ்வாயும் வெள்ளியும் விவசாயிகளின் போனுக்கு வானிலை மெசேஜ் அனுப்புவதும் அவர் வேலை. அந்தப் புரட்டாசியில், பட்ஜெட்டில் பணம் ஒதுக்கி வரும்வரை ஒப்பந்தக்காரர்கள் வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் அறிவியல் நிலையங்களில் இருப்பவர்களை நீக்கக் கூடாதென்று டெல்லியில் சட்டம் வரப்போகிறது என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து எங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. விளக்கேற்றி நின்றால் வாய் ஈஸ்வரா என்னும், காது டிவி செய்தியில் இருக்கும். வேலை திரும்பக் கிடைத்தால் தீர்த்தமலைக் கோயிலுக்கு முடி காணிக்கை தருவதாக வேண்டிக்கொண்டேன்.

வேலை நின்ற அந்த வாரக் கடைசியில் ஒரு அம்மா வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். தக்காளி போட்டிருப்பவராம், மெசேஜ் அனுப்புகிறவர் வீடு எது என்று விசாரித்து வந்திருக்கிறார்.

"ஏங்க, வெள்ளிக்கெழம மெசேஜ் ஏன் போடல? மெசேஜ் இல்லன்னா மழ இல்லன்னு நெனச்சு மருந்தடிச்சேன். மத்தியானமே கொட்டி அத்தனையும் கழுவிக்கிட்டுப் போச்சுங்க!"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஆள் இல்லாததால் மெசேஜ் போகவில்லை. அதை அவர்கள் வானம் தெளிவு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். என் கணவர் வேலை போன விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?" என்று என்னைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்து வந்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு நாங்களும் மனுவோடு தர்மபுரிக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் அந்த அம்மா மைக் பிடித்து நிற்கிறார். எங்களைப் பற்றித்தான் புகார் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"நஷ்டஈடு கேக்கறீங்களாம்மா?" என்றார் அதிகாரி.

"மருந்து நிக்காம நோய் விழுந்து செடி போனது போச்சுங்க சார். அந்த மெசேஜ் போடறவர நிறுத்திட்டாங்களாம், அவர வேலைக்கு வையுங்க."

"பணம் ஒதுக்கி வரலம்மா. அதுவரைக்கும் வச்சிருக்கச் சட்டமும் இல்ல. மேல எழுதறோம்."

"சட்டம் வர்ற வரைக்கும் மழையும் நிக்குமாங்க சார்?"

கூட்டம் சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை, எழுதுகிறோம் என்று அதிகாரி மறுபடி சொல்லும்வரை மைக்கையும் விடவில்லை. என் கணவர் தலை குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சாமியிடம் என் வீட்டுக்கு மட்டும்தான் கேட்டிருந்தேன். பயிரைப் பறிகொடுத்தவர் தனக்கென்று எதுவும் கேட்காமல் எங்களுக்காக நின்றார்.

மேலே எழுதினார்களோ என்னவோ, சட்டமும் வரவில்லை, அழைப்பும் வரவில்லை. என் கணவர் இப்போது ஒரு உரக்கடையில் வேலை பார்க்கிறார். காணிக்கையை மட்டும் நான் போய்ச் செலுத்திவிட்டேன், அந்த அம்மாவை அனுப்பியதற்காக.

எங்கள் பக்கத்தில் இதைச் சொல்கிறவர்கள், அந்த அம்மா பேசியதும் வேலை கிடைத்துவிட்டதாக முடிக்கிறார்கள். படிக்கிற நீங்கள் நாலு பேருக்குச் சொன்னால் தயவுசெய்து அப்படிச் சேர்க்காதீர்கள். வேலை கிடைக்கவில்லை, ஆனாலும் எங்களுக்காக ஒருவர் எழுந்து கேட்டார் என்று நடந்தபடியே சொல்லுங்கள், அதை நினைத்துத்தான் நான் இன்னும் நம்பிக்கையோடு இருக்கிறேன்.