வாய்விட்டுச் சொன்ன ஜெபம்

எங்கள் சபையின் வாட்ஸப் குழுவில் நேற்று ஒரு பெண்ணின் குரல் பதிவு வந்தது. கணவன் குடிக்கிறானாம், அவன் பெயரைச் சொல்லி எல்லோரும் ஜெபிக்க வேண்டுமாம். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். எனக்கு எங்கிருந்தோ மண்ணெண்ணெய் வாசனை அடித்தது.

அது 1991. மண்ணூரில் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் என்றால் கரண்ட் போய்விடும்; பெட்ரோமாக்ஸ்தான். ஜெபம் முடிந்ததும் சுண்டல் தருவார்கள். பதிமூன்று வயதில் என் பக்தி முழுக்க அந்தச் சுண்டலில்தான் இருந்தது, உங்களிடம் மறைப்பானேன்.

அன்று உபதேசியார் நாவைப் பற்றிப் பேசினார். வாயிலிருந்து வரும் சொல்லுக்கு எவ்வளவு பலம் என்று வேதத்தை விரித்து விளக்கிவிட்டு, "மனசுலயே வச்சிக்கினு இருந்தா இன்னா பிரயோஜனம்? வாயத் தொறந்து கேளுங்கம்மா" என்றார்.

அம்மா எழுந்தாள். "எங்க வூட்டுக்காரரு குடிக்கிறாரு, ஐயா. கம்பெனில தெரிஞ்சா வேல பூடும். அவருக்கோசரம் ஜெபம் பண்ணுங்க."

அப்பாவின் பெயரைச் சொல்லி உபதேசியார் உருகி ஜெபித்தார். முடிவில் எல்லோரையும் மிஞ்சி ஆமென் சொன்னது நான்தான். கண்ணைத் திறந்தால், வாசலில் அப்பா. இருட்டில் எங்களை அழைத்துப் போக வந்தவர், டார்ச்சை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றிருந்தார்.

அதுவரை அவர் சம்பளத்தன்று மட்டும் குடிப்பார். பாக்கை மென்றுகொண்டு கொல்லைப்பக்கமாக வந்து படுத்துவிடுவார். அதன்பின் தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் அக்கறையாகக் கேட்டார்கள்: "இன்னாண்ணா, வுட்டுட்டியா? உனக்கோசரம்தான் ஜெபம் பண்ணிக்கினு கீறோம்."

ஒருநாள் அம்மாவிடம், "ஊருக்கே தெரிஞ்சிடுச்சி. இனிமே இன்னாத்துக்கு ஒளிஞ்சிக்கினு குடிக்கணும்?" என்றார். பகலிலேயே குடிக்க ஆரம்பித்தார். வருஷம் முடிவதற்குள் கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். அவர் தெருவில் தள்ளாடி வந்தால் யாரோ போல எதிர்ப்பக்கம் போய்விடுவேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது. அந்த ஆமெனை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

கூட்டம் நடந்த வீடு இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அப்பா போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் முக்காடு போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள். ஜெபிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வாள். சாகிறவரை அவள் வாய்விட்டு ஜெபித்து நான் கேட்கவில்லை.