ராஜரத்தினம் அண்ணாச்சியின் வெயில் ஆப்

ராஜரத்தினம் அண்ணாச்சி நூற்பாலையில் முப்பத்திரண்டு வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். வேலையில் இருந்தவரை கடிகாரத்தைப் பார்த்து ஆட்களை விரட்டிய மனுஷன். ஓய்வு பெற்ற பிறகு விரட்ட ஆள் இல்லாமல் திண்டாடினார். அந்தக் குறையை அவர் நாயின் மூக்கு தீர்த்து வைத்தது.

எங்கள் ராஜபாளையத்து ஜாதி நாய்க்கு உடம்பு சுண்ணாம்பு வெள்ளை, மூக்கு ரோஸ். அண்ணாச்சியின் பாண்டிக்குச் சித்திரை வெயிலில் அந்த மூக்கு வெந்து புண்ணாகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கால்நடை டாக்டர், "ரெண்டு மாசம் வெயில் படக்கூடாது, ஆறலைன்னா வெட்டி எடுக்கணும்" என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி அன்றைக்குச் சோறு தொடவில்லை.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஜெயசித்ரா, போனில் ஒரு ஆப்பை இறக்க வைத்தாள். யூவி என்கிற புற ஊதாக் கதிர் இப்போது எவ்வளவு, ஒருத்தர் எத்தனை நிமிஷம் வெளியே நிற்கலாம் என்று சொல்லும் ஆப். மனுஷருக்காகச் செய்தது. அண்ணாச்சி அதில் பாண்டியின் பெயரைப் பதிந்தார். வயது கேட்டபோது ஆறு என்று போட்டார். பெரியவர்களைக் கூப்பிடு என்றது ஆப். நேராக என் மெடிக்கல் ஷாப்புக்கு வந்தார்.

"பாய், நாய்க்கு ஆறு வயசுன்னா மனுசனுக்கு எம்புட்டு?"

"நாப்பது போடுங்க அண்ணாச்சி."

அடுத்து தோல் நிறம் கேட்டு ஆறு படம் காட்டியது. முதல் படத்தைத் தொட்டார். இப்படியாக எங்கள் தெருவில் பாண்டி ராஜரத்தினம் என்ற நாற்பது வயது வெள்ளைக்காரர் குடியேறினார்.

அதன் பிறகு தெருவே ஆலையாகிவிட்டது. "யூவி எட்டு, எல்லாரும் உள்ள போங்க" என்று வாசலில் நின்று அறிவிப்பார். உடனே அவர் மனைவி மகாலட்சுமி அக்கா, "எட்டா? அப்ப கூழ்வத்தல் ஊத்திரலாம்" என்று வத்தல் ஊற்ற ஒரு பழைய வேட்டியை எடுத்துக்கொண்டு மாடி ஏறுவார். எதிர்வீட்டுக்காரி, "பத்து வந்தா சொல்லுங்க மாமா, மோர்மிளகாய் கிடக்கு" என்பாள். ஒருத்தர்கூட உள்ளே போனதில்லை.

பாண்டியும் கெட்டிக்காரன்தான். உச்சிவெயிலில்தான் ஒன்றுக்குப் போவான், அதுவும் தெருக்கோடி கரண்டுக் கம்பத்தில்தான். அண்ணாச்சி நாயின் தலைக்குமேல் குடையைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நடப்பார். மூக்கு குடையைத் தாண்டினால் ஆப்பில் ஸ்டார்ட், உள்ளே வந்தால் ஸ்டாப். அவருடைய வழுக்கை மண்டை அம்புட்டு நேரமும் வெயிலில்.

"அண்ணாச்சி, குடையைச் செத்த நேரம் உங்க பக்கம் சாய்ங்க. தோல் உரியுது."

"நமக்கென்ன பாய், மில்லுல வெந்த உடம்பு."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா இரண்டு முறை களிம்பு வாங்கிப் போனார். "மண்டையில ஒரு புண்ணு, ஆறவே மாட்டேங்குது பாய். சொன்னா கேக்காக. பயமா இருக்கு." தோல் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். நாயின் மூக்கு ஆறட்டும், பொறவு பார்ப்போம் என்றாராம் அண்ணாச்சி.

இரண்டு மாதம் முடிந்து ஆட்டோவில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். நாயைப் பிடிக்க ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். டாக்டர் பாண்டியின் மூக்கைத் தடவிப் பார்த்து, சுத்தமாக ஆறிவிட்டது என்றார். அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. போனை நீட்டி, "பாருங்க டாக்டர், ஒரு நாளைக்கு நாலு நிமிசத்துக்கு மேல வெயில் காட்டலை" என்றார்.

போனைப் பார்க்க வந்த டாக்டர், அண்ணாச்சியின் மண்டையைப் பார்த்தார்.

"இந்தப் புண்ணு எத்தனை நாளா இருக்கு?"

"அது கெடக்கு டாக்டர்."

"ரெண்டு மாசமா" என்றார் அக்கா.

"நீங்க ஒரு நாளைக்கு எம்புட்டு நேரம் வெயில்ல நிக்கிறீங்க?"

அண்ணாச்சி போன் திரையை மேலும் கீழும் தள்ளித் தேடினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"நான் இதுல இல்லையே டாக்டர்."

டாக்டர் ஒரு தோல் டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தார். சீட்டை அக்கா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அண்ணாச்சி, "பாண்டியை வீட்ல விட்டுட்டு..." என்று இழுத்தார்.

அக்கா அவர் கையிலிருந்த சங்கிலியைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார்.

"பாண்டிய பாய் பாத்துக்கிடுவாக. எனக்கு உங்களை விட்டா யாரு இருக்கா? நடங்க."